திருகோணமலையிலருந்து நோயாளியோட ரோட்டுல போறவங்க எப்பிடித் தொடர்ந்து படிக்கிறது

ஈ.டி.யு எண்ட அவசர சிகிச்சைப் பிரிவுல டியூட்டி செய்யிற நேர்சிங் ஒபிசர்மார், ஆம்புலன்ஸ்ல போற ஈ.எம்.டி தம்பி தங்கச்சிமார், கிண்ணியா மூதூர் கந்தளாய் பக்கம் புதுசா போஸ்டிங் வந்த டொக்டர்மார், உங்களுக்காகத்தான் இதை எழுதுறன். அடிபட்டவங்களைப் பாக்கிற ட்ரோமா கெயாரும் கிரிட்டிக்கல் கேஸை ஒரு ஆஸ்பத்திரியிலருந்து இன்னொண்டுக்கு கொண்டு போறதும் ஒருக்கா கோர்ஸ் செஞ்சு சேர்டிபிக்கட்டை ஃபைல்ல போட்டா முடியிற விசயம் எண்டு நானும் ஒரு காலம் நினைச்சன். அந்த நினைப்பை மாத்தினது ஒரு ராத்திரி ட்ரான்ஸ்ஃபர், அதை முதல்ல சொல்லிடுறன்.

சில வருசத்துக்கு முதல், தலையில அடிபட்ட ஒரு பொடியன், மோட்டபைக் அக்சிடென்ட், மூச்சுக்குழாய்க்குள்ள ட்யூப் போட்டு ஏத்தியாச்சு, அநுராதபுரத்துக்கு போறம். ஏற முதல் நான் "ஒக்சிஜன் சிலிண்டர் ஃபுல்லா?" எண்டு கேட்டன், "ஃபுல்" எண்டு பதில் வந்திச்சு, நான் கேஜைத் திரும்பிப் பாக்கேல்ல. ஹொரவப்பொத்தானைக்கு கிட்ட வரேக்குள்ளதான் கண்ணுல பட்டிச்சு முள்ளு சிவப்புக்கு வந்திட்டு எண்டு. ட்ரைவர் அண்ணன் நான் சொல்லி முடிக்க முதலே விளங்கி வழியில இருந்த ஆஸ்பத்திரிக்குள்ள வண்டியைத் திருப்பினார், அங்க டியூட்டியில இருந்த மிஸ் ஒரு கேள்வி கேக்காம சிலிண்டர் தந்தா, பொடியன் நல்லபடியா போய்ச் சேர்ந்தான். ஆனா எனக்கு அண்டைக்கு விடிய விடிய நித்திரை இல்ல. ஏஎல்எஸ் எண்ட மேல்நிலை உயிர்காப்புக் கோர்ஸ் செஞ்சு ஒரு வருசம்கூட ஆகேல்ல, எழுத்துப் பரீட்சையில நல்ல மார்க்ஸ், ஆனா இந்த ரோட்டுக்கு எத்தனை லீட்டர் ஒக்சிஜன் வேணும் எண்டு கணக்குப் போட எனக்குத் தெரியாது. அப்பதான் முடிவெடுத்தன், இனி நான் படிக்கிறது எல்லாம் நான் போற ரோட்டுலருந்து தொடங்கணும் எண்டு. நீங்களும் அப்பிடித் தொடங்குங்க எண்டுதான் கேக்கிறன்.

அதனால முதல் வேலை ஒரு சிசிஆர் கொப்பி வாங்குறது. போன்ல குறிக்கலாம்தான், ஆனா டியூட்டி முடிஞ்சு களைச்சு வந்து போனைத் திறந்தா வேற எங்கயோ போயிடுவம், கொப்பி எண்டா எழுதிட்டு மூடி வைக்கலாம். ஒவ்வொரு ட்ரான்ஸ்ஃபரும் முடிஞ்சு 24 மணித்தியாலத்துக்குள்ள அஞ்சே அஞ்சு விசயம் எழுதுங்க: எங்கயிருந்து எங்க, எவ்வளவு நேரம், வழியில என்ன மாறிச்சு, எந்த இடத்துல கை தடுமாறிச்சு, எதைப் பாக்காம விட்டன். நோயாளியின்ட பேர், ஊர், வாட்டுல குடுக்கிற பிஎச்டி சீட்டு நம்பர் ஒண்டும் எழுதக் கூடாது, அதே மாதிரி வட்ஸ்அப் குரூப்ல காயத்தின்ட போட்டோ போட்டு "கேஸ் டிஸ்கஷன்" எண்டு சொல்றதும் வேணாம், அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருக்கு. பத்து ட்ரான்ஸ்ஃபர் எழுதினாப் பிறகு கொப்பியைப் புரட்டிப் பாருங்க, கை தடுமாறின இடம் எண்ட கேள்விக்கு ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்திருக்கும். என்ட கொப்பியில அது வென்டிலேட்டர் அலாரம். உங்கட பாடத்திட்டம் அதுதான், வேற யாரும் எழுதித் தரத் தேவையில்ல.

நேரம் இல்ல எண்டு சொல்லுவீங்க, ஓ.டி, நைட், வீடு, பிள்ளைகள், எனக்குத் தெரியும். ஒரு கணக்குச் சொல்றன். அமெரிக்காவுல தேசியப் பதிவுல இருக்கிற ஒரு ஈ.எம்.டி 2 வருசத்துக்கு 40 மணித்தியாலம் தொடர் கல்வி காட்டித்தான் பதிவைப் புதுப்பிக்கலாம், பாரமெடிக் எண்டா 60 மணித்தியாலம். 40 மணித்தியாலத்தை 104 கிழமைக்குப் பிரிச்சா கிழமைக்கு 23 நிமிசம்தான் வருது. அங்கத்தைய சட்டம் எங்களுக்கு இல்ல, ஆனா அந்த 23 நிமிசம் எங்களாலயும் முடியும். ஷிஃப்ட் மாறுற நேரத்துல, டீ குடிக்கிற நேரத்துல ரெண்டு பேரா சேர்ந்து செஞ்சாலே போதும். சிபிஆர் மாதிரி கையால செய்யிற வேலை 3 மாதத்துலருந்து 6 மாதத்துக்குள்ள மங்கத் தொடங்கும் எண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கு, ஆனா அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்ட் 2 வருசத்துக்குச் செல்லும், அப்ப இடையில இருக்கிற ஒண்டரை வருசம் கையில கார்ட் இருக்கும், கையில வேலை இருக்காது. வருசத்துக்கு ஒருக்கா பெரிசா படிக்கிறதை விட கிழமைக்கு ஒருக்கா சின்னதா செஞ்சு பாக்கிறது ஏன் நல்லது எண்டு இப்ப விளங்கும்.

அந்த 23 நிமிசத்துல என்ன செய்யிறது? நான் முதல்ல பிடிக்கச் சொல்றது ஒக்சிஜன் கணக்கைத்தான், ஏனெண்டு மேல சொல்லிட்டன். கணக்கு லேசு: நிமிசத்துக்கு எத்தனை லீட்டர், அதைப் பயண நிமிசத்தால பெருக்குங்க, வாறதை ரெண்டால பெருக்குங்க. ரெண்டால பெருக்குறது டயர் பஞ்சராகும், யானை நிக்கும், போற இடத்துல ஈ.டி.யு வாசல்ல கட்டில் இல்லாம நிக்க வேண்டி வரும், அதுக்கெல்லாம் சேர்த்து. திருகோணமலையிலருந்து அநுராதபுரம் 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, 2 மணித்தியாலம் எண்டு வைங்க, 10 லீட்டர்ல போனா 10 தர 120, 1200 லீட்டர், ரெண்டு மடங்கு 2400. இப்ப சிலிண்டருக்கு வாங்க. பிரிட்டிஷ் அளவுல ஈ சைஸ் சிலிண்டர்ல 680 லீட்டர், எஃப் சைஸ்ல 1360 லீட்டர் இருக்கும். அப்ப ஒரு ஈ சிலிண்டரை மட்டும் நம்பி 10 லீட்டர்ல வெளிக்கிட்டா 68 நிமிசத்துல முடிஞ்சிடும், 15 லீட்டர் மாஸ்க் எண்டா 45 நிமிசம், பாதி வழி போறதுக்குள்ளயே மனசு பதறும். கேஜ் பாதியில நிண்டா லீட்டரும் பாதிதான். வென்டிலேட்டர் சிலது தான் வேலை செய்யிறதுக்கும் சேர்த்து காஸ் எடுக்கும், உங்கட மெஷின்ட புத்தகத்துல அது எவ்வளவு எண்டு தேடிப் பாத்து அந்த நம்பரையும் கூட்டுங்க. உங்கட வண்டியில இருக்கிற சிலிண்டர் என்ன சைஸ், உங்கட ஆஸ்பத்திரியிலருந்து மட்டக்களப்பு, கண்டி, கொழும்பு ஒவ்வொண்டுக்கும் எத்தனை வேணும் எண்டு ஒரு மட்டையில எழுதி வண்டிக்குள்ள ஒட்டிடுங்க, இதை எழுதுறதே ஒரு கிழமைப் பாடம்.

அடுத்தது தலைக்காயம், இதுல கொஞ்சம் நிண்டு சொல்லணும், எங்கட பக்கத்து ட்ரான்ஸ்ஃபர்ல நான் கூடப் பாக்கிறது இதுதான். மூளையில முதல் விழுந்த அடியை எங்களால மாத்த ஏலாது, ரெண்டாவது அடி விழாமப் பாக்கிறதுதான் ரோட்டுல எங்கட வேலை. அந்த ரெண்டாவது அடி ரெண்டு விதமா வரும், ஒண்டு ஒக்சிஜன் 90க்கு கீழ இறங்குறது, மற்றது பிரஷர் விழுறது. சிஸ்டொலிக், அதாவது பிரஷர்ல மேல் நம்பர், 90 எண்டது பழைய கோடு, இப்ப மூளைக்காய வழிகாட்டுதல்ல 50லருந்து 69 வயசுக்காரருக்கு 100க்கு மேல, 15லருந்து 49 வயசுக்காரருக்கும் 70 தாண்டினவங்களுக்கும் 110க்கு மேல வைக்கச் சொல்லுது. தலைமாட்டை 30 பாகை உயர்த்தி, கழுத்து திரும்பாம, ட்யூப் கட்டின நாடா கழுத்தை இறுக்காம. கையால மூச்சுக் குடுக்கிற அம்பு பேக்கைப் பயத்துல வேகமா அமத்துறதுதான் நாங்க எல்லாரும் செய்யிற பிழை, காபன் டை ஒக்சைட் இறங்கினா மூளைக்குப் போற ரத்தக் குழாய் சுருங்கும், வெளிய வாற மூச்சுல அதை அளக்கிற கப்னோகிராப் இருந்தா 35லருந்து 40க்குள்ள வைச்சுக் கொண்டு போங்க, இல்லாட்டி ஒருத்தர் வாய்விட்டு எண்ணட்டும். இன்னொண்டு, நினைவு எவ்வளவு இருக்கு எண்டு அளக்கிற கிளாஸ்கோ ஸ்கோரை வெளிக்கிட முதல் மூண்டாப் பிரிச்சு எழுதுங்க, கண் இவ்வளவு, பேச்சு இவ்வளவு, அசைவு இவ்வளவு எண்டு. வெறும் "9" எண்டு எழுதினா, நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு பாக்கிற டொக்டருக்கு எது குறைஞ்சது எண்டு தெரியாது.

ட்யூப் போட்ட நோயாளிக்கு திடீரெண்டு சச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஒக்சிஜன் அளவு, இறங்கினா என்ன செய்யிறது எண்டதை வாய்ப்பாடு மாதிரி ஆக்கிக்கொள்ளணும். டோப் எண்டு சொல்லுவாங்க: ட்யூப் இடம் மாறிட்டா, அடைச்சிட்டா, நெஞ்சுக்குள்ள காத்து சேர்ந்திட்டா, மெஷின்ல பிழையா. இதைப் படிக்கிற இடம் வகுப்பறை இல்ல, நிப்பாட்டி வைச்ச ஆம்புலன்ஸ்தான். மம்மல் நேரம், லைட்டை அணைச்சிட்டு, போன் டோர்ச் மட்டும் வைச்சு, ஒருத்தர் "சச்சுரேஷன் 82" எண்டு சொல்லட்டும், மற்றவர் வென்டிலேட்டரைக் கழட்டி அம்பு பேக் மாட்டி, சக்ஷன் எடுத்து, சாமானை பேக்குள்ள இருந்து தேடி எடுக்கட்டும். எந்தச் சாமான் எந்தப் பொக்கட்டுல எண்டு கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வரும் வரைக்கும் செய்யுங்க. முதல் தரம் நாங்க செஞ்சு பாக்கேக்குள்ள ட்யூப் போடேக்குள்ள தொண்டைக்குள்ள பாக்கிற லரிங்கோஸ்கோப் பல்ப் எரியேல்ல, அதை அண்டைக்கே கண்டது எவ்வளவு நல்லம். ஓடுற வண்டிக்குள்ள ஸ்டெத் வைச்சு ஒண்டும் கேக்காது, குழி ரோட்டுல பிரஷர் கஃப் கண்டபடி நம்பர் காட்டும், அதால நெஞ்சு ரெண்டு பக்கமும் எழும்புதா எண்டு பாக்கிறது, நாடியைக் கையால பிடிக்கிறது, தேவைப்பட்டா வண்டியை ஓரமா நிப்பாட்டச் சொல்றது, எல்லாத்தையும் பழகணும். நிப்பாட்டச் சொல்றதுக்கு வெக்கப்பட வேணாம். ட்ரைவர் அண்ணன்மாரையும் இந்தப் பயிற்சிக்குள்ள எடுங்க, எந்த ஆஸ்பத்திரியில ராத்திரி ஆள் இருக்கும், எந்த இடத்துல யானை ஏறும், எங்க சிக்னல் கிடைக்காது எண்டு அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எங்களுக்குத் தெரியாது.

ரத்தம் போறது. இப்ப ட்ரோமா கோர்ஸ்கள்ல மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம் எண்ட ஏபிசிக்கு முதல் ஒரு எக்ஸ் வைக்கிறாங்க, பாய்ஞ்சு போற ரத்தத்தை முதல்ல நிப்பாட்டு எண்டு. அமத்திப் பிடிக்கிறது, காயத்துக்குள்ள துணியை அடைச்சுப் பிடிக்கிறது, கை கால் எண்டா இறுக்கிக் கட்டுற டூர்னிகே பட்டி, போட்ட நேரத்தை எழுதுறது. டைனமைட் வைச்சு மீன் பிடிக்கிறது சட்டவிரோதம் எண்டாலும் அதுல கை போய் வாறவங்களை எங்கட கரையில கண்டிருக்கிறம், அந்த இடத்துல யோசிக்க நேரம் இருக்காது. ரத்தம் போறதைக் குறைக்கிற ட்ரனெக்ஸாமிக் அசிட் எண்ட மருந்து பற்றி 2010ல வந்த க்ராஷ் 2 ஆய்வு, 20,000க்கு மேல நோயாளிகள், 40 நாடு, அதே தரவை 2011ல திரும்ப ஆராஞ்சது, அடிபட்டு 3 மணித்தியாலத்துக்குள்ள குடுத்தா உயிர் தப்புறது கூடுது, அதுக்குப் பிறகு குடுத்தா கெடுதலாப் போகலாம் எண்டு காட்டிச்சு. 10 நிமிசத்துல 1 கிராம், பிறகு 8 மணித்தியாலத்துக்கு மெதுவா இன்னொரு 1 கிராம், டொக்டர்ட ஓடர்லதான். இதுல இருக்கிற சூட்சுமம் "எத்தனை மணிக்கு அடிபட்டது" எண்ட கேள்வி. வெருகல், ஈச்சிலம்பற்று, சேருநுவர பக்கத்துலருந்து மூதூர் வந்து, அங்கயிருந்து திருகோணமலை வந்து, பிறகு மேல போற ஆளுக்கு மூண்டு மணித்தியாலம் எங்க முடிஞ்சது எண்டே தெரியாமப் போயிடும். சொந்தக்காரருக்கு மணி தெரியாது, ஆனா "மஹ்ரிப் பாங்கு சொல்லி முடிய", "பள்ளிக்கூடம் விட்ட கையோட", "கோயில்ல சாயந்தரப் பூசைக்கு மணி அடிக்கேக்குள்ள" எண்டு சொல்லுவாங்க. அதை மணிக்கு மாத்தி எழுதத் தெரியிறதும் ட்ரோமா கெயார்தான். மற்றது குளிர், ரத்தம் போன ஆளுக்கு உடம்பு குளிர்ந்தா ரத்தம் உறையாது, திருகோணமலை வெயில்ல எங்களுக்கு ஏசி வேணும், ஆனா படுத்திருக்கிறவருக்குப் போர்வை வேணும்.

தொடர்ந்து படிக்கோணும் எண்டு சொல்றதுக்கு இன்னொரு காரணம், நாங்க படிச்சதே மாறுது. நெஞ்சுக்குள்ள காத்து அடைபட்டு அமத்துற டென்ஷன் நியூமோதொராக்ஸுக்கு ஊசி போடுறது ரெண்டாவது விலா இடைவெளி எண்டுதான் நான் படிச்சன், 2018ல வந்த ஏடிஎல்எஸ் எண்ட ட்ரோமா கோர்ஸ்ட 10ஆம் பதிப்பு பெரியாக்களுக்கு அதை நாலாவது அஞ்சாவது இடைவெளிக்கு, கக்கத்துப் பக்கமா மாத்திட்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் பழைய இடம்தான். அதே பதிப்புல முதல்ல ஏத்துற சேலைன் 2 லீட்டர்லருந்து 1 லீட்டருக்கு வந்திட்டு, ஏனெண்டா தண்ணியா ஏத்தினா இருக்கிற ரத்தம் இன்னும் மெல்லிசாப் போகும். 2018க்கு முதல் படிச்சவர் நல்ல மனசோட, பழைய பாடத்தோட வண்டியில ஏறியிருக்கலாம். அதால வருசத்துக்கு ரெண்டு தரமாவது "நான் நம்புறதுல எது மாறியிருக்கு" எண்டு தேடிப் பாக்கிறதுக்கு ஒரு கிழமையை ஒதுக்குங்க.

கோர்ஸ்கள் பற்றி. எதை முதல் செய்யிறது எண்டு நிறையப் பேர் கேக்கிறாங்க, என்ட கருத்து இதுதான்: காசு செலவழிக்க முதல் இலவசமா இருக்கிறதை முடியுங்க. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கத்தின்ட சர்வதேசக் குழுவும் அவசர மருத்துவச் சம்மேளனமும் சேர்ந்து 2018ல போட்ட அடிப்படை அவசர சிகிச்சைப் புத்தகம் நெட்ல சும்மா இறக்கலாம், பெரிய மெஷின் இல்லாத ஆஸ்பத்திரிக்கெண்டே எழுதினது, கிண்ணியாவுக்கும் புல்மோட்டைக்கும் அது பொருந்தும். இங்கிலீஸ்தான், ஆனா நாலு பேர் சேர்ந்து ஒருத்தர் வாசிக்க மற்றவர் தமிழ்ல விளங்கப்படுத்திப் போனா ஒரு அதிகாரம் ஒரு டீ நேரத்துல முடியும். அதுக்குப் பிறகு பிஎல்எஸ் எண்ட அடிப்படை உயிர்காப்பு, பிறகு ஏஎல்எஸ், பிறகு ட்ரோமா. ஏடிஎல்எஸ் டொக்டர்மாருக்கு உரியது, 1976ல நெப்ராஸ்காவுல ஒரு எலும்பு சேர்ஜன் தன்ட குடும்பத்தோட போன சின்ன பிளேன் விழுந்து, மனுசியைப் பறிகொடுத்து, பிள்ளைகளுக்குக் கிடைச்ச சிகிச்சை சரியில்ல எண்டு கண்டதுலருந்து பிறந்த கோர்ஸ் அது, கிராமத்து ஆஸ்பத்திரிக்காகவே உருவானது எண்டதை நான் அடிக்கடி நினைக்கிறன். சேர்டிபிக்கட் 4 வருசம். ஆம்புலன்ஸ்ல வேலை செய்யிறவங்களுக்கு பிஎச்டிஎல்எஸ், ஐடிஎல்எஸ் எண்டு இருக்கு, பஹ்ரைன் கட்டார் சவூதி எண்டு போக நினைக்கிறவங்க இதுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. அதுக்கு மேல எஃப்பி சி, சிசிபி சி எண்டு அமெரிக்கப் போர்ட் பரீட்சைகள் பாரமெடிக்மாருக்கு, நேர்ஸ்மாருக்கு சிஎஃப்ஆர்என், சிடிஆர்என், எல்லாம் 4 வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கணும். இதுகள் எழுதாட்டியும் அந்தப் பரீட்சைகளின்ட பாடத் தலைப்புகளை எடுத்து வைச்சுப் படிக்கலாம், ட்ரான்ஸ்போர்ட்டுக்கெண்டே எழுதின பட்டியல் வேற எங்கயும் அவ்வளவு முழுசாக் கிடைக்காது. கோர்ஸ் ஒண்டுக்குக் காசு கட்ட முதல் ஒரு கேள்வி கேளுங்க, எத்தனை மணித்தியாலம் என்ட கை வேலை செய்யும்? முழு நாளும் ஸ்லைட் எண்டா நான் போக மாட்டன்.

பறக்கிறதும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். சீனன்குடாவுல விமானப்படைத் தளம் இருக்கு, ஹெலியில நோயாளி ஏத்துற நிலைமை எப்பவாவது வரலாம். மேல போகப் போக காத்து விரியும், 8000 அடியில அடைபட்ட காத்து மூண்டுல ஒரு பங்கு கூடுதலா விரிஞ்சிடும், ஹெலி அவ்வளவு உயரம் போகாட்டியும் நெஞ்சுக்குள்ள காத்து இருந்தா ஏத்த முதல் அதை வெளிய எடுக்கிற ட்ரெயின் குழாய் போட வேணும், ட்யூப்ல இருக்கிற காத்துப் பை, அந்தக் கஃப் பிரஷரைப் பாத்துக்கொண்டே போகணும். சங்கு, கடலட்டை எடுக்கக் கடலுக்குள்ள சுழியோடி, ஆழத்துலருந்து வேகமா மேல வந்து மூட்டு நோகுது கால் விறைக்குது எண்டு வாறவங்களை உயரத்துல கொண்டு போறது ஆபத்து, 300 மீட்டருக்கு மேல போகாமப் பறக்கச் சொல்லுவாங்க, ரோட்டால போனாலும் மலைப்பாதை வருதா எண்டு யோசிக்கணும். சுழியோடுற தொழில் செய்யிற ஊர்கள்ல இதை எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க.

தண்ணியில தாழ்ந்த ஆக்களுக்கு முதல்ல மூச்சுக் குடுக்கிறதுதான், நெஞ்சை அமத்துறது அதுக்குப் பிறகு. 2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின ஊர் இது, அதுக்குப் பிறகு கிண்ணியாப் பக்கம் முதலுதவி வகுப்பு எண்டா நான் லீவு போட்டாவது போவன்.

பாஷை. இதை ஒரு கோர்ஸும் சொல்லித் தராது. நாங்க நோயாளியோடயும் சொந்தக்காரரோடயும் தமிழ்ல கதைக்கிறம், குறிப்பை இங்கிலீஸ்ல எழுதுறம், அநுராதபுரத்துலயோ கண்டியிலயோ இறக்கினாப் பிறகு சிங்களத்துல சொல்ல வேணும், அந்த இடத்துல தட்டுத் தடுமாறினா முக்கியமான ஒண்டு விடுபடும். நோயாளியை ஒப்படைக்கேக்குள்ள சொல்ற ஏட்மிஸ்ட் ஒழுங்கைப் பழகுங்க: வயசு, நேரம், எப்பிடி அடிபட்டது, என்ன காயம், இப்ப நிலைமை, என்ன குடுத்தம். ஆறு வரி. அந்த ஆறு வரியையும் சிங்களத்துல சொல்றதுக்கு உங்களோட வேலை செய்யிற சிங்கள மிஸ் ஒருத்தர்கிட்டக் கேட்டு மனப்பாடம் பண்ணுங்க, பதிலுக்கு அவங்களுக்கு "எங்க நோகுது", "மூச்சு விட ஏலுதா", "பயப்பட வேணாம், நான் பக்கத்துல இருக்கிறன்" எண்டு தமிழ்ல சொல்லிக் குடுங்க. எங்கட ஈ.டி.யு.ல நாங்க இதை ஒரு மட்டையில ரெண்டு பக்கமும் எழுதி வைச்சம், ஒரு நிமிசத்துக்குள்ள சொல்லி முடிக்கிறது எண்டு போன்ல நேரம் வைச்சுப் பழகினம், இப்ப புதுசா வாற பிள்ளைகள் முதல் கிழமையே அதைக் கேட்டு வாங்குறாங்க.

கடைசியா அந்தக் கொப்பிக்கு வாறன். ஒவ்வொரு மாதமும் முதல் கிழமையில, ஆர் ஆர் ட்ரான்ஸ்ஃபர் போனாங்களோ அவங்க மூண்டு நாலு பேர் இருந்து, ஆளைக் குற்றம் சொல்லாம, ஒரு கேஸை மட்டும் எடுத்து வாசிங்க. கன்சல்டன்ட் ஒருத்தரை ஒரு அரை மணித்தியாலம் வந்து இருக்கச் சொல்லிக் கேளுங்க, பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க. அந்தப் பொடியன்ட ட்ரான்ஸ்ஃபரைத்தான் நான் முதல் மாதம் வாசிச்சன், வாசிச்சு முடிய ட்ரைவர் அண்ணன் எழும்பிப் போய் வண்டியைத் திறந்து கேஜைப் பாத்திட்டு வந்தார், அண்டையிலருந்து வெளிக்கிட முதல் நாங்க ரெண்டு பேரும் நம்பரை வாய்விட்டுச் சொல்லித்தான் கதவைச் சாத்துறம்.